கார் டிக்கியில் முடிந்த பயணம்

அந்தக் கல்லுக்கு வயது ஏறக்குறைய 450 கோடி ஆண்டு. அது வானில் எரிந்து வந்ததை மனிதர்கள் பார்த்தது 40 விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் ஒன்றுதான் அதன் தாய்வீடு. அந்தச் சிறுகோளின் உட்சூட்டில் நெடுங்காலம் வெந்து இறுகிய பாறை அது. வெட்டினால் சாம்பல் நிறத்தில் இரும்புத் துணுக்குகள் மினுங்கும். ஏதோ ஒரு மோதலில் பெயர்ந்து, தனியாகச் சூரியனைச் சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்றுக்கு 1.8 ஆண்டு. வழியில் பூமியின் பாதை குறுக்கிட்டது.

1992 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை இரவு 7.48 மணி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவுக்கு மேலே விநாடிக்கு 14.7 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் நுழைந்தது. செங்குத்தாக வந்திருந்தால் சில விநாடிகளில் கதை முடிந்திருக்கும். இது தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக, வெறும் 3.4 பாகைச் சாய்வில் வந்தது. பச்சை ஒளி வீசி, முழுநிலவை மிஞ்சிப் பிரகாசித்து, துண்டு துண்டாகச் சிதறியபடி வடகிழக்கே 700 கி.மீ.க்கு மேல் ஓடியது.

வெள்ளி இரவு அங்கே பள்ளிக் கால்பந்து ஆட்டங்களுக்கான நேரம். பிள்ளைகளின் ஆட்டத்தைப் படமெடுக்க வந்த பெற்றோர் வீடியோ கேமராவை அப்படியே வானத்துக்குத் திருப்பினார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் ஊரில் ஒரு வீட்டு வாசலில் பழைய சிவப்பு செவர்லே மாலிபு நின்றிருந்தது. அதன் டிக்கியைப் பொத்துக்கொண்டு கல் தரையில் இறங்கியது. எடை 12 கிலோவுக்கு மேல். யாரோ வேண்டுமென்றே காரை நாசம் செய்திருக்கிறார்கள் என்றுதான் போலீஸ் முதலில் நினைத்தது. காருக்கு அடியில் இருந்த கல்லில் அப்போதும் இளஞ்சூடு. அழுகிய முட்டை நாற்றம் வேறு.

கிடைத்த வீடியோக்கள் 16. அவற்றில் பின்னணியாக நின்ற கட்டடங்களையும் கம்பங்களையும் வைத்துக் கோணங்களை அளந்து, கல் வந்த வழியைக் கணக்கிட்டார்கள் விஞ்ஞானிகள். விண்ணில் சுற்றிவந்த பாதை தெரிந்த விண்கற்களில் இது நான்காவது. முந்தைய மூன்றும் வானத்தைக் கண்காணிக்கவே நிறுவிய கேமராக்களில் சிக்கியவை.

கல்லை அறுத்துத் துண்டுகளாக விற்றார்கள். ஓட்டை விழுந்த கார் நாடு நாடாகக் கண்காட்சிக்குப் போனது.

நீங்கள் ஒரு தீக்கோளத்தைப் பார்க்க நேர்ந்தால், நின்ற இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தின் உச்சியில், எந்த மாடியின் ஓரத்தில் மறைந்தது என்பதையும் எழுதுங்கள். அந்தக் கல்லின் ஊரைத் தேடிப்போக அதுவே முதல் தடயம்.