மேகச் சுவர்

கண்டிக்குப் போகிற எல்லோரையும் போல நானும் தலதா மாளிகைக்கு எதிரே ஏரியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டேன். கரையோரம் அலையலையாக, முக்கோண விளக்கு மாடங்களோடு வெள்ளைச் சுவர். மேகச் சுவர் என்பார்கள். ஏரியைச் சுற்றி முடிக்காமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

“கட்டி முடிக்கிறதுக்குள்ள ராஜாவ புடிச்சிட்டாங்க தம்பி” என்றார் ஆட்டோக்காரர்.

வயல்வெளியை 1807இல் ஏரியாக்கிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்தான் அந்த ராஜா. மண் சுமந்தவர்கள் குடிமக்கள். 1815இல் பிரதானிகளே ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார்கள். வேலூர்க் கோட்டையில் கைதியாக இருந்து 1832இல் இறந்தார்.

நான் வேலூர்க்காரன். பாலாற்றங்கரையில் அவர் சமாதியுள்ள முத்து மண்டபத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

ராஜாவுக்கு அங்கே மண்டபம், இங்கே ஏரி. மண் சுமந்தவர்களுக்கு இரண்டு ஊரிலும் ஒரு கல்லைக்கூட நான் பார்க்கவில்லை.