முக்காடும் மைதானமும்

பெண்ணின் மானம் உடையிலே இருக்கிறதென்றும், அவ்வுடையின் அளவை மதமே வகுத்துவிட்டதென்றும் கூறுவோர் எக்காலத்தும் உளர். சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கோ, அவ்வளவு காலந்தோறும் மாறியே வந்திருப்பது விளங்கும்.

1887-ஆம் ஆண்டில், 15 வயதே நிரம்பிய லாட்டி டாட் என்னும் ஆங்கிலச் சிறுமி விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தில் வாகை சூடினாள். அக்காலத்து மாதர், கணுக்கால் மறைய நீண்ட பாவாடையும் இடையை இறுக்கும் கச்சும் தரித்தே பந்தாடினர். டாட் சிறுமியாதலின், பள்ளிப் பிள்ளைகளின் குட்டைப் பாவாடையோடு தடையின்றி ஓடினாள்.

அன்று நீண்ட உடை தடையாயிருந்தது. நம் காலத்திலோ, முக்காட்டைக் களையச் சொன்ன விதியே தடையாயிற்று. 2007-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், முக்காடணிந்த 11 வயது முஸ்லிம் சிறுமி ஒருத்தி கால்பந்தாட்ட மைதானத்தினின்றும் வெளியேற்றப்பட்டாள். ஆடுவோர்க்கு அபாயம் நேரும் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

இவ்வழக்கு சிங்கப்பூருக்கும் வந்தது. 2010-இல் இங்கு நடந்த இளையோர் ஒலிம்பிக் பந்தயத்திற்கு ஈரானியச் சிறுமியர் வரவிருந்தனர். 1979 புரட்சிக்குப் பின் ஈரான் அரசு பெண்களுக்கு முக்காட்டைக் கட்டாயமாக்கியது. சர்வதேசக் கால்பந்தாட்டச் சம்மேளனமோ அதை மைதானத்தில் தடுத்தது. ஏப்ரலில் அக்குழு நீக்கப்பட்டது. மே மாதத்தில் சமரசம் பிறந்தது: கூந்தலை மறைத்து, கழுத்தை மறைக்காத தொப்பி! ஆகஸ்டில் ஜாலான் புசார் மைதானத்தில் அச்சிறுமியர் ஆடி, நான்காம் இடம் பெற்றனர்.

ஆயினும் 2011-இல், கழுத்தையும் மறைத்து வந்த ஈரானிய மாதர் குழு, ஜோர்டானில் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தை ஆடவொட்டாமல் தடுக்கப்பட்டது. 2013-இல் கியூபெக்கில் சீக்கியச் சிறுவரின் தலைப்பாகைக்கும் தடை வந்தது. 2012-இல் பரீட்சார்த்தமாக அளிக்கப்பட்ட அனுமதி, 2014-இல் நிரந்தரமாயிற்று. தலைப்பாகைக்கும் அது பொருந்தியது. நிபந்தனைகள் சில: துணி தலையோடு ஒட்டியிருத்தல் வேண்டும், சட்டையோடு இணைக்கப்படலாகாது, எவர்க்கும் ஊறு செய்யலாகாது.

அந்த ஏழாண்டுகளில் வேதமும் மாறவில்லை; பந்தும் மாறவில்லை. தையற்காரன் ஊசியால் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கைப் பெரியோர் வளர்த்தனர். அதன் நஷ்டத்தைக் குழந்தைகள் சுமந்தனர். "அணியாதே" என்றவரும், "அணிந்தே தீரவேண்டும்" என்றவரும், அச்சிறுமியின் விருப்பம் யாதெனக் கேட்டனரா?

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் பெற்றோர்களே! பிறர் கதையென இதைத் தள்ளிவிடாதீர்கள். பெண் பருவமெய்தியதும் அவள் கைப்பந்தைப் பறித்து மூலையில் வைக்கும் வழக்கம் நம்மவரிடையிலும் உண்டு. அவள் மனம் ஒப்பும் உடையைத் தைத்துக் கொடுங்கள். முழங்கால் மறைய வேண்டுமாயின் காற்சட்டையை நீட்டித் தையுங்கள். ஆனால், உடையைக் காரணங்காட்டி மைதானத்தின் கதவை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.