வில்லனாக வந்த ஸ்பைடர்



எண்பதுகளில் ஆம்பூரில் என்னிடம் படித்தவர்களுக்கு ஸ்பைடரை நினைவிருக்கும். டேனரித் தொழிலாளர்களின் பிள்ளைகள், வீட்டில் உருது பேசியவர்கள் எனப் பலரும் கடைசி பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படித்த கதை. 1984-இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ்தான் அவனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

1965-இல் பிரிட்டனில் பிறந்தபோது அவன் வில்லன். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாகத் துடித்தவன். பிறகு கதை எழுத வந்தவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அவர் கையில்தான் ஸ்பைடர் நல்லவன் பக்கம் திரும்பினான். நம் இரும்புக்கை மாயாவியும் 1962-இல் குற்றவாளியாக அறிமுகமாகி, பின்பு உளவாளி ஆனவன்தான்.

ஆசிரியர் அறையில் யாரையாவது "உருப்படமாட்டான்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வரும். முதல் அத்தியாயத்தோடு எவனையும் முடிவுகட்டாதீர்கள்.