சீகன்பால்கு வாசித்த சுவடிகள்

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு பிரசங்கிக்கவே அனுப்பப்பட்டவர். எனினும், கேட்போர் எதை வாசிக்கிறார்களோ அதைத் தாமும் வாசிக்கத் தலைப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் 100க்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டிப் பட்டியலிட்டார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தார். 1716இல் உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் இறையியல் பள்ளியையும் தொடங்கினார்.

இவ்வாசிப்பை அனுப்பியவர்கள் விரும்பவில்லை. 1713இல் அவர் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலை, புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதைப் பரப்புவதா என்று கருதி ஹாலே நகரத்து ஃபிராங்கே ஒதுக்கிவிட்டார். 1719இல் சீகன்பால்கு மறைந்தார். நூல் சென்னையில் அச்சேறியது 1867இல்தான்.

மதமாற்றமே அவர் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அன்றைய தமிழர் எவற்றை வாசித்தனர் என்பதற்கு அவருடைய பட்டியல் இன்று அரிய சான்றாக நிற்கிறது.