திருகோணமலைத் துறைமுகம் (சர்வதேச உறவுகள் கற்கையில்)

பெரிய நாடுகளின் கணக்குக்குள் சிறிய நாடொன்று எப்படி இழுக்கப்படுகிறது, அங்கே அது எதைக் கொண்டு பேரம் பேசுகிறது என்று பயில்வதற்கு இலங்கையில் திருகோணமலையை விடச் செறிவான பாடம் கிடைப்பது அரிது. சர்வதேச உறவுகள் தனித் துறையாக 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் தொடங்கியது. இலங்கையில் அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷெல்டன் கொடிக்கார. இந்திய - இலங்கை உறவு பற்றிய அவரது நூல் 1965இல் வெளிவந்தது.

போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1639இல் அது ஒல்லாந்தர் வசமானது.

மிகுதியான பதிவுகள் உள்ள ஆண்டு 1782. வாடைக் காற்று எழுந்தால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. சென்னையைக் காத்த பிரித்தானியக் கடற்படை பம்பாய் வரை போகவேண்டியிருந்தது. குன்றுகள் சூழ்ந்த திருகோணமலையின் உள்துறைமுகமோ எந்தப் பருவத்திலும் அமைதியாகக் கிடந்தது. ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி சஃப்ரனின் 14 கப்பல்களும் ஹியூஸின் 12 கப்பல்களும் வெளிக்கடலில் மோதின. எந்தத் தரப்பும் ஒரு கப்பலையும் இழக்கவில்லை. துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடமே நின்றது. ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடிந்த செய்தி, 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் இவ்விருவரும் மீண்டும் மோதிய பிறகே வந்து சேர்ந்தது. பீரங்கியால் பிரெஞ்சுக்காரர் வென்ற துறைமுகம் உடன்படிக்கையால் ஒல்லாந்தருக்கே திரும்பியது.

1795இல் பிரித்தானியர் மீண்டும் வந்தனர். சீனன்குடாவில் அவர்கள் கட்டிய எண்ணெய்க் குதங்களை 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கின. எரிந்துபோன குதமொன்றின் உருகிச் சரிந்த இரும்பு பின்னரும் அங்கேயே கிடந்தது. விமானி வேண்டுமென்றே அதன்மீது மோதினார் என ஊரில் சொல்வதுண்டு. அடிபட்ட விமானம் விழுந்தது என்போரும் உளர்.

1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவின் அரசு பிரித்தானியரின் கடற்படைத் தளத்தைப் பொறுப்பேற்றது. அவரது உறுதியே காரணம் என்பது ஒரு கருத்து. இந்தியா கைவிட்டுப்போன பின் தளத்தின் பெறுமதி லண்டனுக்கே குறைந்துவிட்டது என்பது இன்னொன்று. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐ.நா. பிரகடனம் செய்ததில் இலங்கை முன்னின்றது.

1987 ஜூலை 29ஆம் திகதிய இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில், ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் பரிமாறிய கடிதங்களே இத்துறைமுகத்தைத் தொட்டன. இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாடும் இதை இராணுவ நோக்கில் பயன்படுத்த விடுவதில்லை. குதங்களைக் கூட்டாகச் சீரமைப்பது. இந்த வரிகளை மாணவர் சொல்லுக்குச் சொல் பிரித்துப் படிப்பது தகும்.

2022 ஜனவரியில் 99 குதங்களில் 61 கூட்டு முயற்சிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கும் பிரிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையோடு திருகோணமலையில் எரிசக்தி மையம் அமைக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன.