திருப்பு விசையும் திண்டுக்கல் சமவெளிக் கிணறுகளும்

திருப்பு விசை என்பது ஒரு விசை பொருளைச் சுழற்றும் திறனின் அளவாகும். விசையை, சுழலச்சிலிருந்து அது செயல்படும் செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் இது கிடைக்கும். இதன் அலகு நியூட்டன் மீட்டர். மோட்டார் பட்டறைகளில் இதனை 'டார்க்' என்பர். பூட்டில் சாவியைத் திருப்பும்போதும் இதுவே செயல்படுகிறது. கிணற்றுப் பாசனத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் திண்டுக்கல் சமவெளியில், நீர் இறைக்கும் முறைகள் மாறிய வரலாறு இக்கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஏற்றமும் செக்கும்

ஆழம் குறைந்த கிணறுகளில் ஏற்றம் பயன்பட்டது. ஏற்ற மரத்தின் மேல் ஆள் நடந்து தாங்கு கம்பத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல, அவரது எடை மாறாமலே திருப்பு விசை கூடும். நீர் நிறைந்த சால் மேலே வரும். ஆழமான கிணறுகளில் கமலை கட்டினர். அங்கு மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுத்தன.

சுழலும் கருவிக்குச் செக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு மாடு 400 நியூட்டன் விசையுடன், மையத்திலிருந்து 2.5 மீட்டர் தொலைவில் இழுப்பதாகக் கொள்வோம். திருப்பு விசை 1000 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 2 சுற்று என்றால் கிடைக்கும் திறன் சுமார் 210 வாட், அதாவது கால் குதிரைத்திறனுக்குச் சற்று மேல்.

மின்மோட்டாரின் வருகை

சென்னை மாகாணத்தில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும் இயங்கத் தொடங்கின. 1937-இல் கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். விடுதலைக்குப் பின் மின்கம்பிகள் சிற்றூர்களை எட்டியபோது, கமலையின் இடத்தைப் பம்புசெட்டுகள் பிடித்தன.

நிமிடத்துக்கு 1440 சுற்று சுழலும் 5 குதிரைத்திறன் மோட்டாரின் திருப்பு விசை சுமார் 25 நியூட்டன் மீட்டர் மட்டுமே. மேற்கண்ட செக்கு மாட்டின் திருப்பு விசையில் இது நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் வேகம் 720 மடங்கு. ஆகவே திறன் ஏறத்தாழ 18 மடங்காகிறது. மோட்டார் மாட்டை வென்றது திருப்பு விசையால் அன்று, வேகத்தால். அதே மோட்டாரைக் கொண்டு செக்கை ஓட்ட வேண்டுமானால் பெல்ட்டும் பல்சக்கரமும் வேண்டும். அவை வேகத்தைக் குறைத்துத் திருப்பு விசையைப் பெருக்குகின்றன.

காயில் எரிவது ஏன்?

வேளாண் பம்புகளில் பெரும்பாலானவை தூண்டல் மோட்டார்கள். இவற்றின் திருப்பு விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 400 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 320 வோல்ட் வந்தால், மின்னழுத்தம் 20 விழுக்காடுதான் குறைகிறது. ஆனால் தொடக்கத் திருப்பு விசை 64 விழுக்காடாகச் சரிகிறது. மோட்டார் சுழலத் திணறும். ஓடிக்கொண்டிருந்தாலும் வேகம் குறைந்து, கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள தோட்டங்களில் காயில் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காயில் கட்டும் செலவும், அதுவரை நீரின்றி வாடும் பயிரும் உழவரின் இழப்பாகின்றன.

இறங்கும் நீர்மட்டம்

மேலிருந்து உறிஞ்சும் பம்பு, நடைமுறையில் 7 முதல் 8 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை எடுக்கும். நீர்மட்டம் இறங்கியபோது கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்கினர். பின்னர் ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன. தமிழ்நாட்டில் 1990 முதல் வேளாண் பம்புகளுக்கு இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. எனினும், நீரை உயர்த்தும் ஆழம் இரு மடங்கானால் அதே அளவு நீருக்கு இரு மடங்கு திறன் தேவை. கிணற்றில் ஊற்று இருக்கும்வரைதான் பெரிய மோட்டாரால் பயன் உண்டு. கமலை காலத்தில் மாடுகளின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இன்று அந்த எல்லையை நிலத்தடி நீரே வகுக்கிறது.