இருமுறை வீழ்ந்த கழகம்: ஸ்தால் மியெலெட்ஸின் எழுச்சியும் சரிவும் (1939–2025)

முன்னுரை

1973 அக்டோபர் 17 அன்று, லண்டன் வெம்பிளி அரங்கில், வென்றே தீரவேண்டிய இங்கிலாந்தை 1–1 என்ற கணக்கில் தடுத்து நிறுத்திப் போலந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மறு ஆண்டு மேற்கு ஜெர்மனியில் மூன்றாம் இடமும் பெற்றது. வெம்பிளியில் போலந்தின் கோலை அடித்தவர் யான் டொமார்ஸ்கி. ஆங்கிலேய ஆட்டக்காரரின் காலிலிருந்து பந்தைப் பறித்து ஓடி அவருக்குக் கொடுத்தவர் க்ஷெகோஷ் லாட்டோ. நடுக்களத்தில் நின்றவர்களுள் ஒருவர் ஹென்ரிக் காஸ்பெர்ச்சாக். மூவரும் ஸ்தால் மியெலெட்ஸ் என்ற ஒரே கழகத்தினர். தலைநகரிலிருந்த படைத்துறைக் கழகமான லெகியா வார்சாவும் அன்று களமிறக்கியது மூவரைத்தான்.

தென்கிழக்குப் போலந்தில், விஸ்வோகா ஆற்றங்கரையில் உள்ள மியெலெட்ஸில் அப்போது அரை இலட்சம் பேர்கூட இல்லை. அத்தகைய ஊரின் கழகம் தலைநகரோடு எப்படிச் சரிநிகராக நின்றது? பின் ஏன் நிலைக்கவில்லை? வழக்கமான விடை ஒன்று உண்டு: ஊரின் விமான ஆலை செழித்தபோது கழகம் செழித்தது, ஆலை நொடித்தபோது கழகமும் நொடித்தது. இவ்விடை பாதி உண்மையே என்பது இக்கட்டுரையின் வாதம். கழகம் வீழ்ந்தது ஒருமுறை அன்று, இருமுறை. ஆலையின் நலிவு இரண்டாவதை மட்டுமே விளக்கும்.

1. ஆலை பெற்ற ஊர்

1930களின் பிற்பகுதியில் போலந்து அரசு நாட்டின் நடுப்பகுதியில் புதிய தொழில் வட்டாரம் ஒன்றை உருவாக்கியது. அதன் ஓர் அங்கமாக மியெலெட்ஸில் விமான ஆலை எழுந்தது. ஆலையை ஒட்டி 1939 ஏப்ரலில் கழகம் தொடங்கப்பட்டது. ஐந்தே மாதத்தில் போர் மூண்டது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆலை ஜெர்மனியின் ஹைங்கல் நிறுவனத்துக்கு உழைத்தது. 1942 மார்ச்சில் ஊரின் யூதர்கள் வெளியேற்றப்பட்டு அழிவுக்கு அனுப்பப்பட்டனர். போருக்குப் பின் வளர்ந்த மியெலெட்ஸ், வேலை தேடி வந்தவர்களால் பெருகிய ஊர். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்குப் பொது அடையாளமாக ஆலையும் அதன் கழகமும் அமைந்தன எனக் கருத இடமுண்டு.

சோசலிச ஆட்சியில் விளையாட்டுக் கழகங்கள் தொழில்துறை வாரியாகப் பிரிக்கப்பட்டன. உலோகத் தொழிலாளர் கழகங்களுக்கு எஃகு எனப் பொருள்படும் ‘ஸ்தால்’ என்ற பெயர் வந்தது அப்போதுதான். மியெலெட்ஸ் ஆலை மிக்-15 போர் விமானத்தை உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1960 முதல் அன்-2 இருதள விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்து, பெரும்பகுதியைச் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பியது. ஆட்டக்காரர்கள் பெயரளவில் அமெச்சூர்கள். சம்பளம் ஆலைப் பட்டியலிலிருந்து வந்தது.

2. பொற்காலம்

1970இல் முதல் தர லீகுக்குத் திரும்பிய கழகம், ஹங்கேரியப் பயிற்சியாளர் காரோய் கோன்தாவின் கீழ் 1973இல் முதன்முறையாகப் பட்டம் வென்றது. 1975இல் இரண்டாம் இடம். 1976இல் எட்முண்ட் ஜென்தாராவின் பயிற்சியில் மீண்டும் பட்டம். 1975–76 யூஇஎஃப்ஏ கோப்பையில் கார்ல் ஸைஸ் யேனா உள்ளிட்ட அணிகளைத் தாண்டிக் காலிறுதிக்குச் சென்று ஹாம்பர்க்கிடம் தோற்றது. அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றில் எதிரே வந்தது ரியால் மாட்ரிட். இரு ஆட்டங்களிலும் மியெலெட்ஸ் ஒரு கோல் வேறுபாட்டிலேயே தோற்றது. 1974 உலகக் கோப்பையில் ஏழு கோல்களோடு முதலிடம் பெற்ற லாட்டோ, சிறுவயது முதல் இக்கழகத்தில் வளர்ந்தவர். அந்தப் புகழுக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் இதே ஊரில்தான் ஆடினார்.

அந்த ஆறு ஆண்டுகளே நம் கேள்விக்குத் திறவுகோல். உலகின் சிறந்த கோலடிப்பாளர் ஒரு சிற்றூரில் தங்கியதற்கு ஆலைச் சம்பளம் மட்டும் காரணமாகாது. மேற்கு ஐரோப்பாவில் அதைவிடப் பன்மடங்கு கிடைத்திருக்கும். ஆனால் அக்காலப் போலந்து ஆட்டக்காரர் பொதுவாக முப்பது வயதை எட்டிய பிறகே வெளிநாட்டுக் கழகத்தில் சேர அனுமதிக்கப்பட்டார். காஸ்பெர்ச்சாக் 1978இல் 32 வயதை ஒட்டிப் பிரான்சின் மெட்ஸுக்குச் சென்றார். லாட்டோ 1980இல் முப்பதாம் வயதில் பெல்ஜியத்தின் லோகெரனுக்கும், 1976இல் இக்கழகத்துக்கு வந்திருந்த அன்ஜெய் ஷார்மாஹ் அதே ஆண்டில் பிரான்சின் ஓசேருக்கும் போனார்கள்.

3. முதல் வீழ்ச்சி

மூவரும் போன பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1982இல் மூன்றாம் இடம் பிடித்த கழகம், மறு ஆண்டே முதல் தரத்திலிருந்து இறங்கியது. 1985இல் ஏறி, 1987இல் மீண்டும் இறங்கியது. இவ்வாண்டுகளில் ஆலை நலியவில்லை. சோவியத் சந்தை கைவிட்டுப் போகவும் இல்லை. ஆகவே, விளையாட்டுச் சரிவு பொருளாதாரச் சரிவுக்குப் பல ஆண்டுகள் முந்தியது. ஆலை மட்டுமே காரணம் என்போர் இக்கால வரிசைக்கு விடை சொல்ல வேண்டும்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, 1982இன் மூன்றாம் இடம். அது மெய்யான சாதனைதான். ஆனால் ஓராண்டுகூட நிலைக்காத ஒன்று, பழைய வலிமை தொடர்ந்ததற்குச் சான்றாகாது. இரண்டாவது மறுப்பு வலுவானது: வெளிநாட்டுத் தடை எல்லாப் போலந்துக் கழகங்களுக்கும் பொதுவாயிருக்க, பயன் மியெலெட்ஸுக்கு ஏன் வந்தது? நாட்டுக்குள்ளேயே ஆட்டக்காரரை இழுக்கும் ஆற்றல் பெரிய கழகங்களுக்கு இருந்தது. லெகியா படைச்சேவையின் பெயரால் இளைஞர்களை எடுத்துக்கொள்ளும். காஸிமியெஷ் டேய்னா அங்கே சேர்ந்தது அப்படித்தான். அந்த இழுப்பை எதிர்த்து நிற்கப் பெரிய ஆலையின் பின்பலம் வேண்டியிருந்தது. எல்லை ஆட்டக்காரரை நாட்டில் நிறுத்தியது. ஆலை அவரை ஊரில் நிறுத்தியது. ஒன்றில்லாமல் மற்றது போதாது.

இவ்வமைப்பு மியெலெட்ஸுக்கு மட்டும் உரியதும் அன்று. 1976இல் அதற்கு அடுத்த இடம் பெற்றது சுரங்க நகரான திஹியின் கழகம்; 1980இல் பட்டம் வென்றது பித்தோமின் ஷொம்பியெர்கி. 1982இல் ஸ்பிக்னியெவ் போனியெக் 26 வயதிலேயே இத்தாலியின் யுவென்டஸுக்குப் போனபோது, வயது வரம்பு தளர்வது தெளிவாயிற்று.

4. இரண்டாம் வீழ்ச்சி

1988இல் திரும்பி வந்த கழகம் எட்டு ஆண்டுகள் முதல் தரத்தில் தாக்குப்பிடித்தது. அதற்குள் சோவியத் ஒன்றியம் மறைந்தது. ஆலை தன் முதன்மை வாடிக்கையாளரை இழந்தது. வேலையிழப்பு பெருகவே, 1995இல் போலந்தின் முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம் மியெலெட்ஸிலேயே அமைக்கப்பட்டது. புதிய தொழில்கள் வந்தன. கழகத்தைச் சம்பளப் பட்டியலில் சுமக்கும் கடமை அவற்றில் எதற்கும் இல்லை. 1996இல் இறங்கிய கழகம் 1997இல் கலைந்தது. இம்முறை வழக்கமான விடை பொருந்துகிறது.

முடிவுரை

கீழ்நிலை லீகுகளிலிருந்து மீண்டும் கட்டப்பட்ட கழகம் 2020இல் முதல் தரத்துக்குத் திரும்பியது. அப்போது அதன் பெயரின் முன்னே நின்றது, அரசு பெரும்பங்கு வைத்துள்ள மின் நிறுவனமான பிஜிஇயின் பெயர். புரவலர் மீண்டும் கிடைத்தார். எல்லை மட்டும் மீண்டும் மூடப்படவில்லை. இன்று மியெலெட்ஸில் ஒரு லாட்டோ உருவானால், இருபது வயதுக்குள் விற்கப்படுவார். ஐந்து பருவங்கள் ஆடிய கழகம் ஒருமுறைகூட முன்வரிசையை எட்டாமல் 2025இல் இறங்கியது.

அக்காலச் சிற்றூர்க் கழகங்களின் வெற்றியை ஆலைக் கணக்கேட்டில் மட்டும் தேடுவது போதாது; கடவுச்சீட்டு விதிகளையும் அருகே வைத்துப் படிக்க வேண்டும். மியெலெட்ஸ் மக்கள் வாரந்தோறும் கண்டு மகிழ்ந்த உலகத் தர ஆட்டத்தின் விலையில் ஒரு பகுதியை, விரும்பிய இடத்துக்குப் போகமுடியாத அந்த ஆட்டக்காரர்களே செலுத்தினார்கள்.